மூத்த பள்ளியின் முறையீடு: ஈழத்துச் சிறு கமத்தில் மண்பேணலும் பெண்களின் காணியுரிமையும்

1

பள்ளுப் பிரபந்தத்தின் உறுப்புக்களைத் தொகுத்துரைக்குமிடத்து, மூத்த பள்ளியின் முறையீடு என்பதும் அவற்றுள் ஒன்றாகக் கூறப்படுவதுண்டு. பயிர் விளைந்து, நெல் அளக்கப்பட்ட பின்னர், தனக்கு உரியது கிடைக்கவில்லையென அவள் முறையிடுகின்றாள். அதன்மேற் பள்ளியர் இருவரும் ஒருவரையொருவர் ஏசிக்கொள்கின்றனர். இலக்கிய வரலாற்றாசிரியர் இப்பகுதியைப் பெரும்பாலும் நகைச்சுவைக்காகவும், சைவ வைணவப் பிணக்கின் எதிரொலிக்காகவுமே நோக்கி வந்துள்ளனர். சமூக வரலாற்று நோக்கில் இம்முறையீடு வேறொரு கவனத்தை வேண்டி நிற்கின்றது. வயலில் உழைத்த பெண்ணொருத்தி விளைவிற் பங்கு கேட்கின்றாள். நிலத்திற் பங்கு கேட்பதற்கான மொழி அவளுக்கு வழங்கப்படவில்லை.

அம்மொழி ஏன் வழங்கப்படவில்லை என்பதும், பின்வந்த சட்டங்களும் திட்டங்களும் அதனை எந்த அளவிற்கு வழங்கின அல்லது மறுத்தன என்பதும் இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன. வேளாண் சூழலியல் என்னும் துறை, மண்ணின் வளத்தையும் விதையின் பன்மையையும் சிறு கமக்காரனின் தற்சார்பையும் மீட்கும் வழியாக இன்று உலகெங்கும் பேசப்படுகின்றது. பெண்களின் காணியுரிமை சட்டச் சீர்திருத்தத்தின் பாற்பட்ட தனியொரு விடயமாகப் பேசப்படுகின்றது. இவ்விரண்டும் ஒரே வரலாற்றுச் செயன்முறையின் இரு முகங்கள் என்பதே எமது துணிபு. மண்ணைப் பேணும் உழைப்பு ஒருவரிடத்தும், மண்ணின் மீதான உரித்து மற்றொருவரிடத்துமாகப் பிரிக்கப்பட்டமையே ஈழத்துச் சிறு கமத்தின் நலிவுக்கு அடிப்படைக் காரணங்களுள் ஒன்றாகும். அப்பிரிவு நீங்காதவரை மண்பேணல் பெண்ணின் முதுகில் ஏற்றப்படும் மேலுமொரு சுமையாகவே அமையும்.

2

பள்ளு நூல்கள் வேளாண்மை பற்றிய செய்திக் களஞ்சியங்கள் என்பது பலரும் அறிந்ததே. தென்பாண்டி நாட்டு முக்கூடற்பள்ளு முதலாக, ஈழத்திற் றோன்றிய கதிரைமலைப்பள்ளு, நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவரின் பறாளை விநாயகர் பள்ளு ஈறாக, நெல்லின் வகைகளும் மாட்டின் வகைகளும் ஏரின் உறுப்புக்களும் இம்மரபில் நிரல்படக் கூறப்படுகின்றன. வயலுக்கு எரு வேண்டி ஆட்டுக்கிடை வைத்தல் பள்ளின் உறுப்புக்களுள் ஒன்று. கால்நடை, பயிர், நீர், மனித உழைப்பு என்பன ஒன்றையொன்று தாங்கி நின்ற உற்பத்தி முறையொன்றின் பதிவு இது. இன்றைய வேளாண் சூழலியலாளர் பயிர்ப் பன்மை, சத்துக்களின் சுழற்சி, உள்ளூர் விதை எனப் பெயரிட்டு விளக்கும் கூறுகளை இந்நூல்களில் எளிதில் இனங்காணலாம்.

ஆயினும் இச்சான்றுகளைக் கொண்டு பழைய வேளாண் சமூகம் ஒரு பொற்காலம் என முடிவுகட்டுதல் வரலாற்று நோக்குக்கு முரணானது. கிடை வைத்தவன் நிலத்திற்கு உரியவனல்லன். வேளாண்மையைக் கவனியாது இளையவள் மனையிற் றங்கினான் என மூத்தவள் முறையிட, பண்ணைக்காரன் பள்ளனைத் தொழுவில் மாட்டுகின்றான். உழைப்பாளியின் உடலும் பண்ணையின் உடைமை என்பதை இக்காட்சி ஒளிவுமறைவின்றிக் காட்டுகின்றது. நாற்று நட்ட பெண்களோ அவ்வுழைப்பாளியின் மனைவியராகவும் சக்களத்தியராகவும் மட்டுமே இலக்கியத்தினுட் புகுகின்றனர். அவர்களை ஏளனத்துக்குரியோராக நோக்கும் பார்வை, அவர்களது உழைப்பில் வாழ்ந்த வகுப்பினரின் பார்வையாகும். மண்ணை வளமாக வைத்திருந்த அறிவும், அவ்வறிவை உடையோரை அடிமைப்படுத்திய உறவும் ஒரே வயலில் நின்றன. ஒன்றைப் போற்றும்போது மற்றதை மறைத்துவிடலாகாது.

3

யாழ்ப்பாணத்து நிலவுடைமையில் பெண்ணின் நிலையை அறிதற்குத் தேசவழமை முதன்மைச் சான்றாகும். ஒல்லாந்த ஆளுநர் சைமன்ஸின் பணிப்பின்பேரில் கிளாஸ் ஐசாக்ஸ் 1706 இற் றொகுத்து, 1707 இற் சமர்ப்பித்த இவ்வழக்காற்றுத் தொகுப்பு, முதலிமார் பன்னிருவரின் ஒப்புதலைப் பெற்றது. பிரித்தானியர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க ஒழுங்குவிதியினால் அதற்குச் சட்டவலுவளித்தனர். ஆணின் முதுசொம், பெண்ணின் சீதனம், இருவரும் கூடித் தேடிய தேடியதேட்டம் எனச் சொத்தை மூவகைப்படுத்தும் இவ்வழமை, பண்டைநாளில் முதுசொம் ஆண்மக்களையும் சீதனம் பெண்மக்களையும் சேர்ந்தது எனக் குறிக்கின்றது. பெண்ணுக்குத் தனிச்சொத்து உண்டென ஏற்ற ஒரு சட்டமரபு, அக்கால ஐரோப்பியச் சட்டங்கள் பலவற்றோடு ஒப்பிடுமிடத்துக் குறைந்ததன்று.

ஆனால் இதன் எல்லைகளும் தெளிவானவை. சீதனம் பெற்ற மகள் பெற்றோர் சொத்தில் மேலும் உரிமை கோர இயலாதவளானாள். 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகளும் வழியுரிமையும் பற்றிய கட்டளைச் சட்டம், மணமான பெண் தன் அசைவற்ற சொத்தைக் கைமாற்றுவதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டுமென விதித்தது. உரித்து அவள் பெயரிலும் ஆட்சி அவன் கையிலும் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, பெண்ணின் சீதனத்தை வரையறுத்த அதே தேசவழமை, கோவியர், சண்டார், பள்ளர், நளவர் என்போரை அடிமைகளாக வகைப்படுத்தி அவர்கள்மீது எசமானர்க்குள்ள உரிமைகளையும் வகுத்துக் கூறியது. நிலமுள்ள சாதிப் பெண்ணுக்குச் சீதனமாகக் காணி சென்றவேளை, அக்காணியில் நாற்று நட்டவள் தானே ஒருவரின் உடைமையாக இருந்தாள். இலங்கையில் அடிமைமுறை 1844 இற் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. அடிமைகளாயிருந்தோர்க்கு நிலம் வழங்கப்படவில்லை. எனவே யாழ்ப்பாணத்துப் பெண்களின் காணியுரிமை எனப் பொதுமைப்படுத்திப் பேசுவோர், எந்தப் பெண்கள் என்ற வினாவை முதலில் எழுப்புதல் வேண்டும்.

கிழக்கிலங்கையின் நிலை சற்று வேறானது. தாய்வழிக் குடிமுறையும், முக்குவர் சட்டம் என வழங்கிய பெண்வழி உரிமை மரபும் நிலவிய மட்டக்களப்புப் பகுதியில், வீடும் வயலும் மகளுக்குச் சீதனமாக எழுதப்படுதல் தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் இன்றும் காணப்படும் வழக்கமாகும். போடியார்களின் ஆதிக்கத்தில் இயங்கிய நெற்செய்கையிற் பெண் நிலத்தின் உரித்தாளியாக இருந்தும், நெல் கைமாறும் களவெட்டியிற் காலடி வைத்தல் அவளுக்கு விலக்கப்பட்டிருந்தது. உரித்துக்கும் உற்பத்தி மீதான ஆளுகைக்கும் இடையே உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக விளக்கும் எடுத்துக்காட்டுக் கிடைத்தலரிது.

4

பிரித்தானிய ஆட்சியின் நிலச்சட்டங்கள் இப்பழைய முரண்பாட்டின்மேற் புதியதொன்றைச் சுமத்தின. 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலங்கள் பற்றிய 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடுகளும் தரிசுகளும் பயிரிடப்படாத நிலங்களும் மறுதலை நிறுவப்படும்வரை முடிக்குரியனவென அனுமானித்தது. பெருந்தோட்ட முதலாளித்துவத்திற்கு மலைநாட்டிற் காணி தேடிக்கொடுத்த இச்சட்டம், வரண்ட வலயத்துச் சேனைச் செய்கையையும் அரசின் தயவிற் றங்கியதொன்றாக்கியது. குரக்கன், சாமை, எள், பயறு, உளுந்து எனப் பலவற்றைக் கலந்து விதைத்து, பின்னர் நிலத்தைத் தரிசாக விட்டு ஆறவைக்கும் சேனை, குடும்பத்தின் உணவுப் பாதுகாப்பாக விளங்கியது; அதிற் பெண்களின் உழைப்பும் விதைத்தேர்வும் முக்கிய இடம் பெற்றன. குடியேற்ற ஆட்சியின் அலுவலர்க்கோ அது காட்டை அழிக்கும் சோம்பேறிகளின் வழக்கமாகவே தோன்றிற்று.

1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் இவ்வரலாற்றின் திருப்புமுனை எனலாம். டி. எஸ். சேனாநாயக்க விவசாய அமைச்சராயிருந்த காலத்தில் இயற்றப்பட்ட இச்சட்டத்தின் கீழேயே பின்வந்த குடியேற்றத் திட்டங்களிற் காணிகள் அனுமதிப்பத்திரமாகவும் அளிப்பாகவும் வழங்கப்பட்டன. சிறு கமக்காரனைக் கடன்காரனிடமிருந்தும் துண்டாடலிலிருந்தும் காப்பதே அதன் அறிவிக்கப்பட்ட நோக்கம். அதன்பொருட்டுக் காணி பிரிபடாது ஒருவரையே சென்றடைதல் வேண்டுமென விதிக்கப்பட்டது. அந்த ஒருவர் யார் என்பதை மூன்றாம் அட்டவணை வரையறுத்தது. பின்னுரித்தாளர் பெயர் குறிக்கப்படாதவிடத்து மகளுக்கு முன் மகன், பேர்த்திக்கு முன் பேரன், தாய்க்கு முன் தந்தை, சகோதரிக்கு முன் சகோதரன் என அந்நிரல் அமைந்தது. அவ்வாறு பெயர் குறிக்கப்படாத மனைவி கணவனுக்குப்பின் வாழ்நாள் உரித்தைப் பெறலாம். மறுமணம் புரியின் அதுவும் அறும்.

இலங்கைத் தமிழரின் அரசியற் சிந்தனையிற் குடியேற்றத் திட்டங்கள் பெற்ற இடம் பெரிது. கல்லோயா முதலாகக் கிழக்கு மாகாணத்தின் இன விகிதாசாரத்தை அவை மாற்றிய வரலாறு விரிவாக எழுதப்பட்டுள்ளது. எழுதப்படவேண்டியதும் அதுவே. ஆயின் அதே சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, கிளிநொச்சியிற் குடியேறிய தமிழ்ப் பெண்ணையும் பொலன்னறுவையிற் குடியேறிய சிங்களப் பெண்ணையும் ஒரே வகையிற் காணியிலிருந்து விலக்கியது என்பது போதிய கவனத்தைப் பெறவில்லை. தேசவழமையின்படி சீதனக் காணி பெற்றிருக்கக்கூடிய பெண், யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்குக் குடிபெயர்ந்ததும் கணவனின் அனுமதிப்பத்திரத்தில் அடங்கியவளானாள். 1977 இன் பின் விரைவுபடுத்தப்பட்ட மகாவலித் திட்டத்தில் 2.5 ஏக்கர் வயலும் 0.5 ஏக்கர் குடியிருப்பு நிலமும் பெரும்பாலும் ஆண்களின் பெயரிலேயே வழங்கப்பட்டபோது இதே நிலை மேலும் விரிந்தது.

இவ்விடத்திற் ‘குடும்பத் தலைவர்’ என்ற சொல்லை உற்றுநோக்குதல் தகும். எந்தச் சமூகத்தின் ஆதனச் சட்டமும் அச்சொல்லை உரித்துக்குரிய அடிப்படையாகக் கொள்ளவில்லை. அது படிவங்களின் மொழி. படிவத்தின் மொழி வழக்காற்றின் மொழியை வென்றமைக்கு 2004 டிசெம்பரிற் கடல்கோளால் அழிந்த கிழக்குக் கரையோரம் சான்றாயிற்று. சீதனமாகப் பெண்களின் பெயரிலிருந்த வீடுகள் அழிந்தபின், புதிய வீடுகள் குடும்பத் தலைவர் எனப் பதியப்பட்ட ஆண்களின் பெயரில் வழங்கப்பட்டமையைப் பெண்கள் அமைப்புக்களும் மானிடவியலாளரும் சுட்டிக்காட்டினர். நூற்றாண்டுகள் நிலைத்த பெண்வழி உரித்தை நிவாரணப் படிவமொன்று சில மாதங்களில் மாற்றிவிட வல்லதாயிருந்தது.

5

நிலத்தின் உரித்து இவ்வாறு ஒருபுறம் நகர, நிலத்தின் வளம் மற்றொருபுறம் நகர்ந்தது. முதலாளித்துவ வேளாண்மை உழைப்பாளியை மட்டுமன்றி மண்ணையும் உறிஞ்சுகின்றது என்பதை, இரசாயனவியலாளர் லீபிக்கின் ஆய்வுகளைக் கற்ற மார்க்ஸ், 1867 இல் வெளியான மூலதனம் முதற் பாகத்தில் எடுத்துக்காட்டினார். மண்ணிலிருந்து எடுத்தது மண்ணுக்கு மீளாமற் போகும் இப்பிளவைப் பிற்காலத்தில் உரமூட்டையே மூடி மறைத்தது.

ஆறுகளற்ற யாழ்ப்பாணக் குடாநாட்டின் தோட்டச் செய்கை இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். சுண்ணக்கல் அடுக்கிற் றங்கிய கிணற்று நீரும், மனித உழைப்புமே அதன் மூலதனம். பூவரசு முதலியவற்றின் குழையைத் தாழ்த்தியும், வேலியும் கூரையும் பிரித்த பழைய பனையோலையைப் புதைத்தும், ஆடுமாடுகளைப் பட்டியடைத்தும் மெல்லிய மண்ணை வளப்படுத்தினர். குழை கட்டுதல், சாணம் சுமத்தல், வளவிலே கால்நடை வளர்த்தல் என்பவற்றிற் பெருமளவு பெண்களின் கையிலே நடந்தது. மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள், சீனட்டி முதலிய நெல்லினங்களின் விதையை அடுத்த போகத்திற்காகக் காயவைத்துப் பேணியதும் வீட்டினுள் நிகழ்ந்த உழைப்பே. வீட்டினுள் நிகழ்ந்தமையால் அது உழைப்பெனக் கணிக்கப்படவில்லை.

1950 களின் இறுதியிற் பத்தலகொடை ஆராய்ச்சி நிலையத்தின் எச்-4 நெல்லினம் பரவியது. 1962 இற் பசளை மானியம் தொடங்கியது. விளைச்சல் பெருகியமை மறுக்கற்பாலதன்று. நாடு அரிசியில் தன்னிறைவை நோக்கிச் சென்றது. அதேவேளை விதையும் பசளையும் வீட்டிலிருந்து கடைக்கும், கமநல சேவை நிலையத்திற்கும் இடம்பெயர்ந்தன. நிலத்தை உரித்தாகவோ அனுமதிப்பத்திரமாகவோ உடையவரே மானியத்துக்கும் கடனுக்கும் கமக்காரர் அமைப்பின் அங்கத்துவத்துக்கும் எளிதில் உரியவராயினர். வீசி விதைப்பும் களைநாசினியும் பரவியபோது, நாற்று நடுதலும் களை பிடுங்குதலுமாகிய, கூலிப் பெண்களுக்குக் கிடைத்து வந்த வேலையும் சுருங்கிற்று. பசுமைப் புரட்சி என அழைக்கப்பட்டது, பெண்ணின் பார்வையில், தன் அறிவும் தன் கூலியும் ஒருங்கே மதிப்பிழந்த நிகழ்வாகும்.

1970 க்கும் 1977 க்கும் இடைப்பட்ட இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் மிளகாயும் வெங்காயமும் குடாநாட்டுக் கமக்காரர்க்குப் பெருவருவாயளித்தன. மின், எண்ணெய் நீரிறைக்கும் இயந்திரங்களும் யூரியாவும் தோட்டங்களை ஆக்கிரமித்தன. 1977 இன் திறந்த பொருளாதாரம் அச்சந்தையை வீழ்த்தியது. எஞ்சியது கடனும் நைத்திரேற்றும். குடிநீருக்கு ஏற்புடைய அளவை மீறிய நைத்திரேற்று யாழ்ப்பாணக் கிணறுகள் பலவற்றில் இருத்தலை 1980 கள் முதலாக ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. அக்கிணற்று நீரை அள்ளிச் சமைத்துக் குழந்தைக்கு ஊட்டியவர்கள், உரமிடும் முடிவைத் தாம் எடுத்தவர்களல்லர்.

6

யுத்தம் இம்முரண்பாட்டை மறைக்க இயலாத நிலைக்குக் கொண்டுவந்தது. 2009 மே மாதத்தின் பின் வன்னிக்குத் திரும்பியோருட் கணவரை இழந்தோரும், கணவர் காணாமலாக்கப்பட்டோரும் பல்லாயிரவர். வயலைத் துப்புரவாக்கி விதைத்தவள் பெண். அனுமதிப்பத்திரத்தில் இருந்ததோ இல்லாத மனிதனின் பெயர். இறப்புச் சான்றிதழ் பெறுவது, தேடும் உரிமையைக் கைவிடுவதாகும் எனப் பல பெண்கள் மறுத்தனர். 2016 இன் சட்டத்திருத்தம் காணாமற்போனமைக்கான சான்றிதழை அறிமுகப்படுத்தும்வரை, கணவனின் இறப்பை ஏற்றுக்கொள்வதா காணியை இழப்பதா என்ற கொடிய தெரிவு அவர்கள்முன் வைக்கப்பட்டிருந்தது.

1958, 1977, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களால் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பங்களின் நிலை இதனினும் இழிந்தது. காடு வெட்டிக் களனியாக்கிய அவர்களுட் பலர் அக்களனிக்கு உரித்தற்ற கூலிகளாகவே தொடர்ந்தனர். பெருந்தோட்டத்திற் கொழுந்து பறித்து ஒரு துண்டு நிலமும் பெறாத பெண், இங்கே மிளகாய் பறித்தும் பெறவில்லை.

எனினும் மூத்த பள்ளி கேட்க இயலாததைக் கேட்கும் மொழி இக்காலத்திற் பிறந்தது. 2017 சனவரி இறுதியில் முல்லைத்தீவு மாவட்டத்துக் கேப்பாப்புலவு பிலக்குடியிருப்பு மக்கள், விமானப்படையினர் நிலைகொண்டிருந்த தம் காணியின் வாயிலில் அமர்ந்தனர். பெண்களும் குழந்தைகளுமே அப்போராட்டத்தின் முன்னணியில் நின்றனர். மார்ச் முதல் நாளன்று அக்காணி விடுவிக்கப்பட்டது. 2018 ஏப்ரலில் இரணைதீவு மக்கள் படகேறித் தம் தீவுக்குத் திரும்பியபோதும் பெண்கள் முன்னின்றனர். இவர்கள் கேட்டது நிவாரணத்தையன்று; மண்ணையே கேட்டனர். அம்மண் மீண்டபின் யாருடைய பெயரிற் பதியப்படும் என்ற வினா மட்டும் போராட்டக் கொட்டகையிலும் பின்தள்ளப்பட்டே இருந்தது.

7

2021 மே மாதத்தில், சனாதிபதி கோட்டாபய இராசபக்சவின் அரசாங்கம் இரசாயனப் பசளை, பீடைநாசினி என்பவற்றின் இறக்குமதியைத் தடைசெய்தது. 2019 இன் தேர்தல் அறிக்கையிற் பத்தாண்டு மாற்றமாகச் சொல்லப்பட்டது, அந்நியச் செலாவணி நெருக்கடியின் நடுவே, ஒரே போகத்தில் நிறைவேற வேண்டியதாயிற்று. பண்டைய நாகரிகத்தின் பெருமை அதற்கு மெருகாகப் பூசப்பட்டது. நவம்பரில் தடை தளர்த்தப்பட்டபோது காலம் கடந்திருந்தது. 2021/22 பெரும்போகத்தில் நெல் விளைச்சல் பெருவீழ்ச்சியடைந்தது. சீனாவிலிருந்து கப்பலில் வந்த சேதனப் பசளை நுண்ணுயிர்த் தொற்றுடையதெனக் கூறி மறுக்கப்பட்டமை, தற்சார்பின் பெயரால் எருவையே இறக்குமதி செய்ய முனைந்த கொள்கையின் உள்முரணை உலகறியச் செய்தது.

இத்தோல்வியை வேளாண் சூழலியலின் தோல்வியாகக் காட்டுவோர் பலர். எளிய கணக்கொன்று உண்மையை விளக்கும். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். 50 கிலோ மூட்டையொன்றில் 23 கிலோ நைதரசன் உண்டு. நூற்றுக்கு ஒரு பங்கு நைதரசன் கொண்ட கூட்டெருவில் அதே அளவைப் பெற 2,300 கிலோ வேண்டும். அதற்குரிய குழையை வெட்டுவது யார்? சாணத்தைச் சேர்ப்பது யார்? குவியலைப் புரட்டி, நீர் தெளித்து, வயலுக்குச் சுமப்பது யார்? உரமூட்டைக்குப் பதிலாக இடப்படவேண்டியது மனித உழைப்பு. அவ்வுழைப்பிற் பெரும்பகுதி பெண்ணுடையது. இதற்குக் கூலியும் இல்லை, காணியும் இல்லை என்னும்போது வர்த்தமானி அறிவித்தலொன்றால் அது எங்கிருந்து தோன்றும்?

மண்பேணலின் காலக்கணக்கும் இதனோடு தொடர்புடையது. யூரியாவின் பயன் அதே போகத்திற் றெரியும். வேலியோரம் நட்ட கிளிசரியா குழை தருவதற்கும், இட்ட கூட்டெரு மண்ணின் இயல்பை மாற்றுவதற்கும் ஆண்டுகள் செல்லும். போகக் குத்தகைக்கு நிலம் செய்பவரோ, மகன் மணம் முடித்ததும் காணியை விட்டு ஒதுங்கவேண்டியவளோ, மறுமணத்தால் உரித்திழப்பவளோ அவ்வாண்டுகளுக்கு உழைப்பை முதலிட இயலாது. உரித்தின் நிச்சயமின்மை மண்ணின் மெலிவாக மாறும் வழி இதுவே.

தடையின் விளைவுகள் நாட்டை உலுக்கிக்கொண்டிருந்த 2022 இன் தொடக்கத்தில், அதிக ஆரவாரமின்றி, காணி அபிவிருத்தித் திருத்தச் சட்டம் நிறைவேறியது. 1935 முதல் நிலைத்த ஆண்முதன்மை நிரல் நீக்கப்பட்டது. 87 ஆண்டுகள் சென்றபின் கிடைத்த இவ்வெற்றி பெண்கள் இயக்கங்களின் நெடிய உழைப்பின் பயன். ஆயின் ஏற்கெனவே ஆண்வழி சென்றுவிட்ட காணிகள் அதனால் மீளவில்லை. 2024 இல் ‘உறுமய’ என்னும் பெயரில் அனுமதிப்பத்திரக் காணிகளை முழு உரித்தாக மாற்றும் திட்டம் தொடங்கப்பட்டபோது, பழைய நிரலினால் விளைந்த பங்கீடே நிலைத்த உடைமையாக உறுதிப்படும் வாய்ப்பு ஏற்பட்டது. மேலும், முழு உரித்துடைய காணி விற்கவும் ஈடுவைக்கவும் வல்லது. வடக்கிலும் கிழக்கிலும் வறட்சி பாதித்த ஏனைய மாவட்டங்களிலும் நுண்கடன் பெண்களை எந்நிலைக்குத் தள்ளிற்று என்பதை நாம் அறிவோம்; 2018 இல் அக்கடன்களின் ஒரு பகுதியை அரசே பொறுப்பேற்க நேர்ந்தது. விதைக்கும் நீருக்கும் சந்தைக்கும் கூட்டு ஏற்பாடு இல்லாதவிடத்து, பெண்ணின் கைக்கு வரும் உறுதி கடன்காரனின் பெட்டகத்திற்குச் செல்லும் வழியிற் சிறிதுபொழுது தங்குவதாக முடியலாம்.

8

நிலமும் மண்பேணலும் எவ்வாறு இணைக்கப்படலாம் என்பதற்கு அயல்நாட்டு அனுபவங்கள் இரண்டை ஒப்புநோக்கலாம். சோவியத் ஒன்றியத்தின் வீழ்ச்சியால் உரமும் எண்ணெயும் திடீரென அற்றுப்போன கியூபாவிற் கட்டளை மட்டும் பிறப்பிக்கப்படவில்லை. 1993 இல் அரசின் பெரும்பண்ணைகள் கூட்டுறவு அலகுகளாகப் பிரிக்கப்பட்டன; 1997 இற் சிறு கமக்காரர் சங்கம் கமக்காரரே கமக்காரர்க்குக் கற்பிக்கும் இயக்கத்தைக் கைக்கொண்டது; 2008 இற் றரிசு நிலங்கள் பயன்பாட்டுரிமையாக வழங்கப்பட்டன. கியூபா உணவு இறக்குமதியிலிருந்து விடுபடவில்லை என்பதும் உண்மை. ஆயினும் நில உறவை மாற்றாது மண்ணின் உறவை மாற்ற இயலாது என்ற பாடம் அங்கே தெளிவாகின்றது.

மற்றது பீகாரின் புத்தகயாவைச் சேர்ந்தது. அங்கே மடமொன்றின் பெருநிலவுடைமைக்கு எதிராக 1978 இற் றொடங்கிய போராட்டத்தில், நிலமற்ற சாதிப் பெண்கள் நிலம் தம் பெயரிலேயே வழங்கப்பட வேண்டுமெனத் தம் ஆண்களிடமும் அதிகாரிகளிடமும் வாதிட்டு, 1980 களின் முற்பகுதியிற் சில கிராமங்களில் அதனைப் பெற்றனர். வர்க்கப் போராட்டம் முடிந்தபின் பெண்ணின் உரிமையைப் பார்க்கலாம் என்ற, எமது இடதுசாரி இயக்கத்தினுள்ளும் ஒலித்த வாதத்திற்கு அவர்களின் செயலே மறுமொழி. 1884 இற் குடும்பத்தின் தோற்றத்தைத் தனிச்சொத்தின் தோற்றத்தோடு இணைத்துக் காட்டிய எங்கெல்சு, இவ்விரண்டும் வேறுபட்ட போராட்டங்களல்ல என்பதற்கான கோட்பாட்டை எமக்குத் தந்துள்ளார்.

பெண்ணை இயற்கையின் மறுவடிவமாகவும் பூமித்தாயாகவும் போற்றும் சிந்தனைப் போக்கொன்று சூழலியலாளரிடையே செல்வாக்குப் பெற்றுள்ளது. மண்ணைப் பேணுதல் அவளது இயல்பு எனக் கூறுவது, அவ்வுழைப்புக்கு உரித்தும் ஊதியமும் வேண்டியதில்லை எனக் கூறுவதிலிருந்து அதிகம் வேறுபட்டதன்று. பெண்கள் மண்ணை அறிவர். தலைமுறைகளாக அதில் உழைக்க வைக்கப்பட்டமையே அவ்வறிவின் காரணம். வரலாறு தந்த அறிவை இயற்கை தந்த கடமையாகத் திரித்தல் ஆகாது.

இவ்வாய்விலிருந்து பெறப்படும் நடைமுறை முடிவுகள் சில. அரச காணிகள் கணவன் மனைவி இருவர் பெயரிலும், தனித்து வாழும் பெண்ணுக்கு அவள் பெயரிலும் பதியப்படல் வேண்டும். ‘குடும்பத் தலைவர்’ என்ற கட்டம் படிவங்களிலிருந்து அகற்றப்படல் வேண்டும். கமக்காரர் அமைப்பின் அங்கத்துவத்துக்கும் பசளைக் கொடுப்பனவுக்கும் நிலத்தின் உறுதியன்றி, நிலத்தில் நிகழும் உழைப்பே தகுதியாதல் வேண்டும். நிலமற்ற சாதிகளின் பெண்களுக்கும் வன்னியின் மலையகப் பெண்களுக்கும் நீண்டகாலக் கூட்டுக் குத்தகைகள் வழங்கப்படல் வேண்டும். விதை, கூட்டெரு, சந்தை என்பன கூட்டுறவின் பொறுப்பாதல் வேண்டும். 2018 இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற கமக்காரர் உரிமைப் பிரகடனம் காணிக்கும் விதைக்குமான உரிமையை ஒருங்கே ஏற்றுள்ளமையால் இவை வெறுங்கனவுகள் எனத் தள்ளத்தக்கனவல்ல.

பள்ளுப் பாடிய புலவர் மூத்த பள்ளியின் முறையீட்டை ஏசலில் அமிழ்த்திச் சமாதானத்தில் முடித்தனர். நெல்லின் பங்கு பற்றிய வழக்காக அது நோக்கப்பட்டவரை அம்முடிவு போதியதாயிருந்தது. நெல்லை விளைவித்த நிலம் யாருடையது என்ற வழக்கு அங்கே எடுக்கப்படவேயில்லை. பிரதேச செயலகங்களின் நீண்ட வாங்குகளிற் கோப்புக்களுடன் காத்திருக்கும் பெண்களே இன்று அதனை எடுத்துள்ளனர். அவ்வழக்கில் ஆய்வாளரின் சான்றும் வேண்டப்படுகின்றது.